புதிய பறவை: முடிவு தெரிந்த பின்னும்

புதிய பறவை, 1964 செப்டம்பர் 12 அன்று வெளிவந்த தமிழ் மர்மத் திரைப்படம். சிவாஜி பிலிம்ஸ் நிறுவனத்தின் முதல் தயாரிப்பு. தாதா மிராசி இயக்கினார். வசனம் ஆரூர்தாஸ், பாடல்கள் கண்ணதாசன், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி, ஒளிப்பதிவு கே. எஸ். பிரசாத். சிவாஜி கணேசன், பி. சரோஜாதேவி, சௌகார் ஜானகி ஆகிய மூவரும் முதன்மை வேடங்களில் நடித்தனர். எம். ஆர். ராதா, வி. கே. ராமசாமி, நாகேஷ், மனோரமா, எஸ். வி. ராமதாஸ், ஓ. ஏ. கே. தேவர் ஆகியோர் உடன் நடித்தனர்.

மர்மப் படத்தின் ஆயுள் பொதுவாக ஒரு முறைதான். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு அதில் பார்க்க அதிகம் இருப்பதில்லை. புதிய பறவையின் முடிவோ தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அறிந்த ஒன்று. படத்தைப் பார்க்காதவர்களும் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அப்படியிருந்தும் அறுபது ஆண்டுகளாகப் படம் பார்க்கப்பட்டு வருகிறது. இதற்கான காரணம் முடிவில் இருப்பதைவிட நடிப்பில் இருக்கிறது. இக்கட்டுரை அந்த நடிப்பைப் பற்றியும், படம் விடை சொல்லாமல் விட்டுவிட்ட ஒரு கேள்வியைப் பற்றியும் பேசுகிறது. முடிவைச் சொல்லாமல் இவற்றைப் பேச முடியாது என்பதால் கதை முழுவதுமே இங்கே சொல்லப்படுகிறது.

கதைச் சுருக்கம்

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் செல்வந்தன் கோபால், பயணத்தில் லதாவையும் அவள் தந்தை ராமதுரையையும் சந்திக்கிறான். ஊட்டியிலுள்ள தன் மாளிகைக்கு அவர்களை அழைத்துத் தங்கவைக்கிறான். கோபாலும் லதாவும் காதலிக்கிறார்கள். ஆனால் ரயில் கடந்து போவதைக் கண்டால் கோபால் நிலைகுலைந்து போகிறான். காரணம் கேட்கும் லதாவிடம் தன் முதல் மனைவி சித்ராவின் கதையைச் சொல்கிறான். சிங்கப்பூர் கிளப்பில் பாடிக்கொண்டிருந்தவளை விரும்பி மணந்ததையும், அவள் குடித்துக் குடும்ப மானத்தைக் கெடுத்ததையும், கடைசியில் ரயிலில் விழுந்து செத்ததையும் சொல்லி அழுகிறான். லதா அவனுக்காக இரங்குகிறாள். நிச்சயதார்த்தம் ஏற்பாடாகிறது.

விருந்தினர் கூடியிருக்கும் அந்த வேளையில், செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட சித்ரா தன் மாமா ரங்கனோடு வந்து நிற்கிறாள். இவள் சித்ரா இல்லை என்று கோபால் கதறுகிறான். யாரும் நம்பவில்லை. அவன் காட்டும் ஆதாரங்கள் ஒவ்வொன்றும் உடைபடுகின்றன. வேறு வழியின்றி, சித்ரா உயிரோடு இருக்கவே முடியாது, அவள் தன் கையால் செத்தவள் என்று கோபால் சொல்லிவிடுகிறான். வீட்டைவிட்டுப் போக முயன்றவளை அறைந்தபோது, இதயம் பலவீனமாக இருந்த அவள் அங்கேயே இறந்தாள். உடலைத் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலையாக்கியவன் அவன்தான்.

அந்த வாக்குமூலத்துக்காகத்தான் எல்லாம் நடந்தது. லதா துப்பறியும் காவல்துறைப் பெண். தந்தையாக வந்தவரும் மாமாவாக வந்தவரும் அத்துறையின் ஆட்கள். வந்து நின்ற சித்ரா, அவளைப்போல நடிக்கவைக்கப்பட்ட வேறொருத்தி. நடிக்க வந்த இடத்தில் தான் உண்மையாகவே காதலித்துவிட்டதாகவும், அவனுக்காகக் காத்திருப்பதாகவும் லதா சொல்கிறாள். கோபால் கைதாகிறான்.

மூலமும் தழுவலும்

இக்கதையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. மைக்கேல் ஆண்டர்சன் இயக்கி 1958இல் வெளிவந்த 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' படத்தில், ஸ்பெயினில் வாழும் ஒரு பணக்காரப் பெண்ணிடம் இறந்துபோன அவளுடைய அண்ணன் தான்தான் என்று ஒருவன் வந்து சேர்கிறான். அங்கே குற்றவாளி பெண், பொய்யாக வந்தவன் ஆண். இதைத் தழுவி 1963இல் உத்தம்குமார் நடித்த 'சேஷ் அங்கா' என்ற வங்காளப் படம் வந்தது. அண்ணன் - தங்கைக் கதை கணவன் - மனைவிக் கதையாக அதில் மாறியது. தமிழ்ப் படம் வங்காளப் படத்தின் வழியாக வந்தது.

இந்த மாற்றம் கதையின் எடையையே மாற்றிவிட்டது. ஆங்கிலப் படத்தில் பார்வையாளர் தனியே மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணுக்காகப் பயப்படுகிறார். தமிழில் பார்வையாளர் ஒரு நல்ல கணவனுக்காகவும், அவனைக் கெடுத்த மனைவிக்கு எதிராகவும் பக்கம் சேர்கிறார். தமிழ்க் குடும்பப் படங்கள் பல ஆண்டுகளாகப் பழக்கிவைத்த பக்கம் அது. மர்மத்தை ஒளித்துவைக்க அந்தப் பழக்கமே படத்துக்குப் போதுமானதாக இருந்தது.

முடிவு முன்பே தெரிந்த பார்வையாளர்கள்

புதிய பறவை வந்த காலத்தில் ஒரு படம் எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் வந்துவிடாது. இன்று விருதுநகர் மாவட்டத்திலும் அன்று ராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்த ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். பஞ்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் ஒன்று. ஆண்டாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த, நெசவும் வணிகமும் உள்ள ஊர் மற்றொன்று. படத்தொழிலில் மதுரை - ராமநாதபுரம் ஏரியா என்று சொல்லப்படும் விநியோகப் பகுதியில் இவை அடங்கும். சென்னையிலும் மதுரையிலும் ஓடி முடித்த பிரதிகள்தான் சிறிய ஊர்களுக்கு வந்து சேரும் என்பது அக்கால வழக்கம்.

படப்பெட்டி வருவதற்கு முன்பே பாட்டுகள் வந்துவிடும். மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் கதையையும் கொண்டுவந்துவிடுவார். இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு மர்மப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்களில் பலருக்கு மர்மம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆலையில் ஷிப்ட் முடித்து இரண்டாம் ஆட்டத்துக்குத் தரை டிக்கெட் எடுத்தவர் கோபாலின் முகத்தைப் பார்ப்பதும், முதல் நாள் முதல் காட்சியில் ஒன்றும் தெரியாமல் பார்ப்பதும் வெவ்வேறு அனுபவங்கள். இவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்து பார்ப்பவருக்கு ஒவ்வொரு அசைவும் சாட்சியம்.

இன்று கணினியிலோ கைபேசியிலோ இப்படத்தைத் தேடிப் பார்க்கும் மாணவரின் நிலையும் இதுதான். முடிவைப் படித்துவிட்டுத்தான் அவர் படத்துக்கு வருகிறார். அதனால் அவருக்கு நட்டமில்லை. முதல் முறை பார்ப்பவருக்குக் கிடைக்காத ஒரு படம் அவருக்குக் கிடைக்கிறது.

ரயில் காட்சி இதற்குச் சிறிய எடுத்துக்காட்டு. விருதுநகர் - தென்காசி ரயில் பாதை ராஜபாளையத்தையும் திருவில்லிபுத்தூரையும் தொட்டுச் செல்கிறது. கேட் அடைத்துக் கிடக்க, ரயில் போகும்வரை காத்து நிற்பது இவ்வூர்க்காரர்களுக்குப் பழகிய ஒன்று. அப்படிப்பட்ட சாதாரண நிகழ்ச்சியைத்தான் படம் அச்சத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. பேய் வீடோ நள்ளிரவுக் காடோ தேவைப்படவில்லை. ரயில் போகிறது, ஒரு மனிதன் நடுங்குகிறான். அதை முதல் முறை பார்ப்பவர் துக்கம் என்று எடுத்துக்கொள்வார். கதை தெரிந்தவருக்கு அது பயம். இரண்டுக்கும் இடம் கொடுக்கும்படி அந்த நடுக்கம் நடிக்கப்பட்டிருக்கிறது.

சிவாஜி கணேசன்: கோபால்

1964 சிவாஜி கணேசனுக்கு நிறைந்த ஆண்டு. கர்ணன், பச்சை விளக்கு, கை கொடுத்த தெய்வம் ஆகியவை அவ்வாண்டில் வந்தன. ஒன்பது வேடங்களில் அவர் நடித்த நூறாவது படமான நவராத்திரியும் அவ்வாண்டுதான் வந்தது. நவராத்திரியில் ஒவ்வொரு மனிதனுக்கும் தனி ஒப்பனை, தனி நடை, தனிக் குரல் உண்டு. புதிய பறவையில் ஒப்பனை மாறவில்லை. ஒரே மனிதன் வெளியே ஒருவனாகவும் உள்ளே வேறொருவனாகவும் கடைசிவரை இருக்கிறான். இரண்டில் கடினமானது பின்னதே.

கோபாலின் நடிப்பு மூன்று கட்டங்களாக நகர்கிறது. முதலில் அவன் நாகரிகமான, சற்றே கூச்சமுள்ள காதலன். இங்கே சிவாஜி குரலைத் தாழ்த்தி, கைகளை அடக்கி நடிக்கிறார். சித்ரா வந்து நின்ற பிறகு கோபால் சொல்லும் ஒவ்வொன்றும் பொய்யாகப்படுகிறது. இந்தக் கட்டத்தில் குரல் மேலேறுகிறது, பேச்சு உடைகிறது. மூன்றாவது கட்டம் வாக்குமூலம்.

இரண்டாம் கட்டத்தில்தான் கதையின் சூட்சுமம் இருக்கிறது. வந்தவள் சித்ரா இல்லை என்று கோபால் சொல்வது முழு உண்மை. அந்த உண்மையை மெய்ப்பிக்க அவனிடம் உள்ள ஒரே சான்று அவன் செய்த கொலை. உண்மையை நிலைநாட்ட வேண்டுமானால் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பொறியில் அகப்பட்டவனின் தவிப்பை சிவாஜி கோபமாகத் தொடங்கி, கெஞ்சலாக்கி, கடைசியில் களைப்பாக முடிக்கிறார். வாக்குமூலக் காட்சியில் முதலில் தெரிவது ஒருவகை விடுதலை. இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் எதிரே நிற்பவள் யார் என்று அவனுக்குப் புரிகிறது. அந்த இடத்தில் அவன் பெண்மையை வாழ்த்திப் பேசும் வார்த்தைகளில் கசப்பும் நன்றியும் கலந்திருக்கின்றன.

சிவாஜியின் நடிப்பு மிகையானது என்ற குற்றச்சாட்டு பழையது. இப்படத்தின் சில இடங்களுக்கும் அது பொருந்தும். ஆனால் கோபால் பார்வையாளருக்கு முன்னால் மட்டும் நடிப்பவன் இல்லை. தன் வீட்டில், தன் காதலிக்கு முன்னால் துயரமுற்ற கணவனாக நடித்துக்கொண்டிருப்பவன். சித்ராவின் கதையை லதாவிடம் சொல்லும்போது அவன் குரலில் வரும் அழுத்தம் சற்றுக் கூடுதலாகத் தோன்றுவதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது.

பி. சரோஜாதேவி: லதா

லதாவின் வேடம் அக்காலத்தில் சரோஜாதேவி ஏற்ற பல வேடங்களைப்போலவே தொடங்குகிறது. கொஞ்சும் பேச்சு, சாய்ந்த தலை, ஓடி ஒளியும் வெட்கம், கோபால் என்ற பெயரை இழுத்து அழுத்திச் சொல்லும் விதம். அந்த அழைப்பு பின்னாளில் பல குரல் நடிப்பு மேடைகளில் சிரிப்பு மூட்டும் சரக்காகிவிட்டது. அதனால் அதன் வேலை மறந்துபோனது.

லதா அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு காவல்துறைப் பெண் தன் சந்தேக நபரை அழைக்கிறாள். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் ஜோடியாகக் கண்டு பழகிய முகத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அறிமுகமில்லாத ஒரு நடிகை லதாவாக வந்திருந்தால் பார்வையாளர் பாதிப் படத்திலேயே விழித்திருப்பார். சரோஜாதேவி தன் வழக்கமான பாணியை மாற்றாமல் நடித்ததே இங்கே முகமூடி.

இரண்டாம் முறை பார்க்கும்போது லதாவின் கேள்விகள் கவனத்துக்கு வருகின்றன. ஏன் ரயிலைக் கண்டு பயப்படுகிறீர்கள் என்று அவள் ஆதரவாகக் கேட்பது விசாரணையின் முதல் கேள்வி. கோபால் சித்ராவின் கதையைச் சொல்லும்போது அவள் பரிவோடு கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் பரிவு எவ்வளவு உண்மை, எவ்வளவு பணி என்று பிரிக்க முடியவில்லை. கடைசிக் காட்சியில் தான் மெய்யாகவே காதலித்ததாக அவள் சொல்வதைப் பார்வையாளர் நம்புகிறார் என்றால், முந்தைய காட்சிகளில் இந்தக் கலப்பை அவர் உருவாக்கி வைத்திருப்பதே காரணம். 2025 ஜூலையில் சரோஜாதேவி மறைந்தபோது நினைவுகூரப்பட்ட அவருடைய படங்களில் இதற்கு முக்கிய இடமுண்டு. அதை அந்த ஒற்றை அழைப்புக்காக மட்டும் நினைப்பது போதாது.

சௌகார் ஜானகி: இரண்டு சித்ராக்கள்

மூவரில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் மிக அதிகமாகப் பேசப்பட வேண்டியதும் சௌகார் ஜானகியின் நடிப்பு. படிக்காத மேதை, பாலும் பழமும் போன்ற படங்களில் பொறுமையும் துயரமும் நிறைந்த பெண்ணாக அவரைப் பார்த்திருந்த ரசிகர்களுக்கு, நவீன உடையில் கிளப்பில் பாடும் சித்ரா பெரிய வியப்பு.

அவர் ஏற்றது ஒரு வேடம்போலத் தெரிந்தாலும் இரண்டு. ஒருத்தி கோபால் சொல்லும் கதையில் வரும் சித்ரா. மற்றொருத்தி சித்ராவாக நடிக்க வந்தவள். முதலாமவள் வேகமும் அலட்சியமும் உள்ளவள். இரண்டாமவள் அந்த வீட்டின் உரிமைக்காரிபோல நிதானமாக நடமாடுகிறாள். இவள் கத்துவதில்லை. கோபால் கத்தக் கத்த இவள் அமைதியாகிறாள். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அதனாலேயே இவள் சொல்வது உண்மையாகப்படுகிறது. ஒரே முகத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டியாக வேண்டும். அதே சமயம் வேறு ஆள் என்று பார்வையாளர் உறுதி செய்துகொள்ளவும் கூடாது. ஜானகி அந்த அளவைத் தவறவிடவில்லை.

துணை நடிகர்களும் இசையும்

எம். ஆர். ராதாவின் ரங்கன் இல்லாமல் இரண்டாம் பாதி நிற்காது. ராதாவின் குரலில் எப்போதும் ஒரு கேலி உண்டு. அந்தக் கேலியைக் கேட்டவுடன் இவன் வில்லன் என்று பார்வையாளர் முடிவு கட்டிவிடுகிறார். சரோஜாதேவியின் இனிமையை நம்பியதுபோலவே ராதாவின் கேலியைச் சந்தேகிக்கிறார். இரண்டு முடிவுகளும் தவறு. வி. கே. ராமசாமியின் அப்பாவித் தந்தை வேடமும் இதே வழியில் வேலை செய்கிறது.

மர்மப் படத்தில் பாடல்கள் வேகத்தைக் குறைக்கும் என்பது பொதுவான கருத்து. 1954இல் வந்த அந்த நாள் பாடலே இல்லாமல் எடுக்கப்பட்டது. புதிய பறவை வேறு வழியை எடுத்தது. சிங்கப்பூர் கிளப்பில் சித்ரா உல்லாசமாகப் பாடிய பாட்டு பிற்பாதியில் சோகமாகத் திரும்பி வருகிறது. கோபாலின் நினைவில் மட்டும் இருக்க வேண்டிய பாட்டு இன்னொருவர் வாயிலிருந்து வருவதே அங்கு அச்சம் தருகிறது. டி. எம். சௌந்தரராஜன் பாடிய 'எங்கே நிம்மதி' பெரிய வாத்தியக் குழுவின் முழக்கத்தோடு அமைந்தது. கனவுபோன்ற அரங்கில் அலையும் கோபாலுக்கு நிம்மதி இல்லாததன் காரணம் மனைவி திரும்பி வந்தது என்று முதல் முறை தோன்றும். குற்றம் என்று பிறகு தெரியும். ஒரே பாட்டு இரண்டுக்கும் பொருந்துகிறது.

சித்ராவின் தரப்பு

இவ்வளவு நுட்பமான படம் ஒரு கேள்வியைக் கேட்காமலேயே முடிந்துவிடுகிறது. சித்ராவைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் யார் சொன்னது?

அவள் குடித்தாள், ஊர் சுற்றினாள், மாமனாரின் மனமுடையக் காரணமானாள் என்பதெல்லாம் கோபால் லதாவிடம் சொன்ன கதையில் வருபவை. அதே கதையின் முடிவில் அவள் தற்கொலை செய்துகொண்டாள் என்றும் சொன்னான். அந்த முடிவு பொய் என்று பிறகு அவனே ஒப்புக்கொண்டான். முடிவில் பொய் சொன்னவன் நடுவில் மட்டும் உண்மை சொல்லியிருப்பான் என்று பார்வையாளர் ஏன் நம்ப வேண்டும்? கொன்றவனின் வாய்மொழியைத் தவிர அவளைப் பற்றி வேறு சாட்சியமில்லை. செத்தவள் ஒரு காட்சியிலும் தனக்காகப் பேசவில்லை. அவள் பெயரில் பேசியவளும் வேறொருத்தி.

படம் இந்தக் கேள்வியைத் தவிர்க்கிறது. பின்னோக்குக் காட்சியை முழு உண்மையாகவே காட்டிவிட்டு, கடைசி நிமிடத்தை மட்டும் மாற்றுகிறது. அறைந்தது தவறுதான், ஆனால் அவள் அப்படிப்பட்டவள், அவள் இதயமும் பலவீனம் என்று கோபாலின் குற்றம் குறைந்துகொண்டே போகிறது. உடலைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்க் கிடத்திய செயலின் கொடுமை, சிவாஜியின் கண்ணீரில் கரைந்துவிடுகிறது. லதா காத்திருப்பதாகச் சொல்லும்போது அரங்கின் இரக்கம் முழுவதும் கைதானவன் பக்கம் இருக்கிறது. செத்தவளுக்காக யாரும் அழவில்லை.

அக்காலக் குடும்ப ஒழுக்கத்தின் பார்வை இது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். கிளப்பில் பாடியவளும் குடிப்பவளும் சாகலாம் என்ற முடிவை 1964இன் பார்வையாளர் எளிதில் ஏற்றிருக்கக்கூடும். இன்றைய மாணவர் அதை ஏற்க வேண்டியதில்லை. மனைவியை அடித்துக் கொன்றவன்மேல் இவ்வளவு இரக்கம் தனக்கு எப்படி வந்தது என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். விடை அந்த நடிப்பின் வலிமையில்தான் இருக்கிறது. நல்ல நடிப்பு நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தவல்லது என்பதற்கு இப்படம் பாராட்டும் எச்சரிக்கையும் சேர்ந்த ஒரு சான்று.

மதிப்பீடு

தமிழில் மர்மப் படங்கள் இதற்கு முன்பும் பின்பும் வந்தன. எஸ். பாலசந்தரின் அந்த நாளும் பொம்மையும், பின்னர் வந்த யார் நீ, அதே கண்கள் போன்றவையும் தத்தம் வழியில் தேர்ந்தவை. குற்றவாளியையே பார்வையாளரின் அன்புக்குரியவனாக வைத்து, அந்த அன்பைக் கடைசிவரை விலக்காமல் காட்டிக்கொடுத்த விதத்தில் புதிய பறவை தனித்து நிற்கிறது. நாகேஷ் - மனோரமா பகுதிகள் கதையிலிருந்து விலகிப் போவதும், விருந்துக் காட்சிகள் நீள்வதும் குறைகள்தாம்.

முடிவு தெரிந்தவர்கள் இப்படத்தை மூன்று முறை பார்க்கலாம். ஒரு முறை கோபாலின் முகத்தை, ஒரு முறை லதாவின் கேள்விகளை, ஒரு முறை சித்ராவை. மூன்றாவது முறை பார்ப்பவர், கோபால் தன் கதையைச் சொல்லத் தொடங்கும் இடத்தில் சற்றே நிறுத்தி, இதை யார் சொல்கிறார் என்று நினைவில் வைத்துக்கொண்டு மேலே பார்ப்பது நல்லது.